ஆம்பிளிஃபயரின் முதுகுப்பக்கம்

மாட்டுக் குடலை அலசும் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து என் மூக்கிலேயே குடியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் கொழுந்தன் மடோமே ஒரு புது ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. நாலு மணிக்கு என் புருஷன் லெசிபா பெட்டிக்குள் படுத்து வீட்டுக்கு வருகிறான். மறுநாள் காலையில் அடக்கம்.

நான் படுக்கையறையில், தரையில் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு நாளாக அதே இடம். கட்டிலையும் அலமாரியையும் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் தோளைச் சுற்றி ஒரு கம்பளி. எதிரே ஒரு மெழுகுவத்தி. இரண்டு பக்கமும் வேர்வை நாற்றத்தோடு இரண்டு பெரியம்மாக்கள். ஆறு நாளாக அவர்கள் குடித்த தேநீரை ஒரு தொட்டியில் ஊற்றியிருந்தால் நான் நிம்மதியாகக் குளித்திருப்பேன். புருஷனைப் பறிகொடுத்தவள் அடக்கம் முடியும்வரை மெத்தையை விட்டு இறங்கக் கூடாது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். அவனுடைய சாமான்களை அவனுடைய அக்கா பிரித்துக் கொடுக்கும் நாள்வரை எதையும் தொடக் கூடாது. அந்த அக்கா, மொக்காடி, கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னைக் காவல் காத்தாள். எழுபது வயது. ஒரு ஈயைக்கூட அனுமதி கேட்காமல் உள்ளே விட மாட்டாள்.

கூடத்து மேசைமேல் லெசிபாவின் ஆம்பிளிஃபயர் இருந்தது. ஜப்பானில் செய்தது. என்னைவிட நாலு வயது இளையது. மரப்பெட்டி, முன்னால் வெள்ளி நிறத் தகடு. அதன் முகம் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வாசலைப் பார்த்து வைத்திருந்தார்கள். அதனால் அதன் முதுகு எனக்கு. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்தது எப்போதும் அந்த முதுகுதான். முதுகில் ஒரு கறுப்புப் பட்டை, பட்டையில் வரிசையாக நாலு ஸ்க்ரூ. ஸ்பீக்கர் ஒயரின் நுனியை அந்த ஸ்க்ரூத் தலைக்கு அடியில் கொடுத்து முடுக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஒரு அரிசி மணிக்குத்தான் இடம். ஒயரின் ஓர் இழை நழுவிப் பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டால் உள்ளே எரிந்துவிடும். எரியும் அந்தப் பாகத்தை இப்போது யாரும் செய்வதில்லை.

எங்கள் ஊரான அட்ரிஜ்வில்லில் ஜாஸ் சங்கத்து ஆள் செத்தால், அவன் பெட்டி கேட்டுக்குள் திரும்பும்போது அவனுடைய சொந்த மெஷினில் அவனுக்குப் பிடித்த ரிக்கார்டு பாட வேண்டும். லெசிபா 'மூணு மணிச் சங்கம்'. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குக் கூடுவதால் அந்தப் பெயர். குங்கும நிறக் கோட்டும் இரட்டை நிற ஷூவுமாக இரண்டு வரிசையில் நின்று, ஆடிக்கொண்டே பெட்டியை உள்ளே அழைப்பார்கள். அதுவரை துக்க வீட்டில் ரேடியோகூடப் பாடக் கூடாது. ஆறு நாள் மௌனத்துக்குப் பிறகு விழும் முதல் சத்தம் அந்த ரிக்கார்டுதான். அதனால் முன்னாலேயே போட்டுப் பார்க்கவும் முடியாது. நகரத்தின் அந்தப் பக்கம், மமெலோடியில் ஒருவனுக்குப் பெட்டி வந்த நேரத்தில் மெஷின் ஒரு முக்கு முக்கிவிட்டுச் செத்தது. ஒன்பது வருஷமாகிறது, இன்னும் அவனை 'ஊமைச் சாவு' என்றுதான் சொல்கிறார்கள். அவன் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

லெசிபாவுக்கு அந்தப் பயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் அதைத்தான் கேட்டான்.

"மொசிமா, என்னை ஊமையா உள்ள கொண்டுவந்துடாதீங்க. என் மெஷின், என் ரிக்கார்டு. ஒயரை நீயே பாத்துக்க. வாக்கு குடு."

குடுத்தேன். எப்படிக் குடுக்காமல் இருப்பேன்? அந்த ஒயரைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளே நான்தானே. அவனுக்குச் சர்க்கரை. விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. ஊசி குத்தினாலும் தெரியாது. ரோட்டோரத்து இரும்புக் கொட்டகையில் சடை பின்னிப் பிழைக்கிறவள் நான். நாள் முழுக்க முடியைப் பிரித்துப் பின்னும் கைக்கு நாலு ஒயர் நுனி ஒரு பெரிய வேலையா? நான் கட்டினேன், அவன் சங்கத்தில் போய் மார்தட்டினான். "லெசிபாவோட கை யாருக்கு வரும்!" என்று அவர்கள் மெச்ச, அந்தப் பொய்யன் தொப்பியைக் கழற்றித் தலை குனிவான். நான் சமையலறையில் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதைக் கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, "நீயும் நானும் ஒண்ணுதானே" என்பான். ஒண்ணாம்! அவன் இருக்கும்போதும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும், அவன் போன பிறகும் வருகிறது.

மடோமே ஒயர்ச் சுருளை மேசைமேல் தொப்பென்று போட்டான். கட்டைவிரல் தடிமன். கண்ணாடி மாதிரி உறை, உள்ளே செம்பு தெரிந்தது. நுனியில் தங்கமுலாம் பூசிய குச்சிகள்.

"பாருங்க, பாத்துக்கங்க," என்றான், கூடத்தில் இருந்த நாற்காலிகளிடம். "மால்ல இருக்கிறதுலயே பெருசு. வெளிய நாலு சங்கத்துக்காரன் காரு காரா வந்து நிக்கப் போறான். எங்க அண்ணன் வீட்டுல பிச்சைக்கார ஒயர் தொங்கக் கூடாது."

பிறகு அந்தத் தங்கக் குச்சியை எடுத்துக்கொண்டு ஆம்பிளிஃபயரின் முதுகுக்கு வந்து ஓட்டை தேடினான். தேடினான், தேடினான், இல்லாத ஓட்டையை எங்கே தேடுவது? சங்கத் தலைவர் மஷிலோவும் கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒரு கையில் வெண்ணெய் வழியும் ஸ்கோன் ரொட்டியோடு குனிந்து பார்த்தார்.

"ஓட்டை இல்லியேப்பா. இது ஸ்க்ரூ மாடல்."

"அப்ப என்ன பண்றதுண்ணே?"

"குச்சிய வெட்டிட்டு ஒயர உள்ள சொருகு. செம்பு செம்புதானே."

ஸ்கோன் துணுக்கு ஆம்பிளிஃபயர்மேல் விழுந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். மெருகேற்றிய மரத்தில் வெண்ணெய்க் கோடு. லெசிபா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கட்டைவிரல் இருந்திருக்காது.

நான் மெத்தையிலிருந்தே சத்தம் கொடுத்தேன். "மடோமே, பழைய ஒயர் கூடத்து அலமாரி டிராயர்லதானே இருக்கு? நுனியெல்லாம் கட்டி ரெடியா இருக்கும். அத எடுத்து மாட்டு, போதும்."

மடோமே திரும்பவேயில்லை. "அதுவா அண்ணி? அது டென்ட்டுக்குப் போயிடுச்சு."

"எதுக்குப் போயிடுச்சு?"

"கயிறு பத்தல. மூலையில கட்டிட்டோம்."

ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடக் கண்றாவியே! முற்றத்து டென்ட்டின் நாலு மூலையிலும் என் ஒயர். நாலாக வெட்டி, இரும்புக் கம்பத்தில் கண்டபடி முடிச்சுப் போட்டிருந்தார்கள். நான் பின்னி, வளைத்து, நகப்பூச்சு தொட்டு வைத்த ஒரு நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் முட்டைக்கோஸ் அண்டா கொதித்தது. அதை அவிழ்த்தால் டென்ட் அண்டாவுக்குள் விழும். அவிழ்த்தாலும் பிரயோசனம் இல்லை, துண்டுகள் ஸ்பீக்கர்வரை எட்டாது. துக்கத்தில் அழ வேண்டியவள் நான், அந்த நிமிஷம் எனக்கு வாந்திதான் வந்தது.

"என்னடா மனுஷங்க நீங்க? மூளையைக் கழட்டி எங்க வச்சீங்க?" என்றேன்.

"ஏ மொசிமா!" மொக்காடி நாற்காலியிலிருந்து திரும்பினாள். "துக்கத்துல ஒக்காந்திருக்கிறவ இப்படியா கத்துறது? தெருவே கேக்குது. கம்பளிய இழுத்து மூடு."

"அக்கா, அந்த ஒயர்..."

"ஒயரு ஆம்பளைங்க பாடு. ஒனக்கு மெத்த."

பெரியம்மாக்கள் இருவரும் 'ஆமாம்' என்பதுபோலத் தேநீரை உறிஞ்சினார்கள்.

அதற்குள் மடோமேவுக்குக் கத்தி வேண்டியிருந்தது. முற்றத்தைப் பார்த்துக் கத்தினான். மாட்டை உரித்துக்கொண்டிருந்தவன் ஜன்னல் வழியாகக் கத்தியை நீட்டினான். ரத்தமும் கொழுப்பும் ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. அந்தக் கத்தியை மடோமே தன் பேன்ட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே கையோடு ஒயரின் உறையைச் சீவினான். த்தூ! என் புருஷனுடைய மெஷினில் மாட்டப்போகிற செம்பு முழுக்க மாட்டுக் கொழுப்பு. உறையோடு சேர்த்துப் பாதி இழையையும் சீவித் தள்ளினான். மீதி இழைகள் நாலு பக்கமும் விரிந்து நின்றன. அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

அந்தக் கற்றையை ஸ்க்ரூவுக்கு அடியில் திணித்தான். போகவில்லை. ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி மறுபடியும் திணித்தான். முடுக்கினான். முடுக்க முடுக்க இழைகள் பிதுங்கி இரண்டு பக்கமும் வழிந்தன. பலம் காட்டி இன்னும் ஒரு சுற்று சுற்றினான். 'டக்' என்று கறுப்புப் பட்டையின் ஓரம் ஒரு சில்லு பெயர்ந்து தரையில் விழுந்தது. அதைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலு ஸ்க்ரூவும் முடித்துவிட்டு நிமிர்ந்தான். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

"முடிஞ்சுது. எப்படிண்ணே?"

மஷிலோ முன்பக்கம் நின்றுகொண்டே தலையாட்டினார். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தடித்த ஒயர் இரண்டும் பகட்டாகத்தான் தெரிந்திருக்கும். "அப்படியே லெசிபாவோட கை!" என்றார்.

இங்கிருந்தே தெரிந்தது, முதல் ஸ்க்ரூவிலிருந்து ஒரு பொடி இழை நீண்டு வளைந்து இரண்டாவதன்மேல் படுத்திருந்தது. வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழுந்து மினுங்கியது. ரிக்கார்டில் ஊசி விழும். பொட்டென்று ஒரு சத்தம், ஒரு கருகல் நாற்றம், முடிந்தது. நாலு சங்கத்தின் முன்னால் லெசிபா ஊமைச் சாவு ஆகிவிடுவான்.

"மடோமே, ஒரு இழ தொடுது. மொத ஸ்க்ரூவும் ரெண்டாவதும். நல்லாப் பாரு."

"அண்ணி, நீங்க அழுதுக்கிட்டு இருங்க. நாங்க பாத்துக்கிறோம்."

"கரன்ட் குடுத்தா எரிஞ்சு போயிடும்டா!"

மஷிலோ கதவருகே வந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே கொமட்டும். "தங்கச்சி, மனசு ஒடஞ்சிருக்கிற நேரத்துல எல்லாம் தப்பாத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரியும் அவ அப்பா செத்தப்ப இப்படித்தான், தேத்தண்ணியில விஷம்னா. நீ கவலப்படாத. லெசிபா பக்கத்துல பதினஞ்சு வருஷம் நின்னு பாத்தவன் நான்."

பதினைந்து வருஷம் முன்பக்கம் நின்று பார்த்தவர்.

மூணே முக்கால் ஆயிற்று. வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். பச்சைக் கோட்டு, நீலக் கோட்டு, கடுகு நிறக் கோட்டு, சாம்பல் கோட்டு என்று ஒவ்வொரு சங்கமாக வேலியோரம் வந்து நின்றது. ஒருத்தன் கண்ணும் துக்கத்தில் இல்லை. எல்லோரும் வராந்தாவில் இருந்த ஸ்பீக்கரையும் அதற்குப் போகும் தடித்த ஒயரையும்தான் பார்த்தார்கள். பெட்டியோடு வந்துகொண்டிருந்த என் மகளிடமிருந்து மொக்காடிக்குப் போன் வந்தது. சவ ஊர்தி பெரிய ரோட்டு சிக்னலைத் தாண்டிவிட்டதாம். இன்னும் பத்து நிமிஷம். மடோமே மின்சார ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்து நடந்தான்.

நான் கம்பளியை உதறிவிட்டு எழுந்தேன். பெரியம்மா ஒருத்தி தேநீரைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டாள்.

மொக்காடி நாற்காலியை நகர்த்தி வாசலை அடைத்தாள். "ஒக்காருடி. பெட்டி வர்ற நேரத்துல மெத்தையை விட்டு எறங்கினவள்னு ஊரு பேசணுமா?"

"பேசட்டும்."

"ஒன்ன மட்டுமா பேசும்? எந் தம்பிய பேசும்."

"ஒங்க தம்பியத்தான்க்கா இன்னும் பத்து நிமிஷத்துல பேசப் போறாங்க. ஊமைச் சாவுன்னு. அந்த மெஷின் எரியப் போகுது. எனக்குத் தெரியும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

இத்தனை வருஷம் விழுங்கியதைச் சொல்லிவிட்டேன். சன்னமாகத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். "லெசிபாவோட கைன்னு இவங்க சொல்றாங்களே, அது என் கை. அவருக்கு விரல்ல உணர்ச்சியே கெடையாது. ஒயரத் தொட்டா பிடிச்சிருக்கோமா விட்டுட்டோமான்னு தெரியாது. பதினஞ்சு வருஷமா நான்தான் கட்டினேன். ஒயர நீயே பாத்துக்கன்னுதான் எங்கிட்ட வாக்கு வாங்கினார்."

மொக்காடி என்னை உற்றுப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போன கிறிஸ்மஸ்ல," என்றாள் மெதுவாக, "எங்க வீட்டுல கொதிக்கிற சட்டியத் தூக்கினான். தோலு பொசுங்குற வாட எனக்கு வந்துச்சு. அவனுக்குச் சுடவே இல்ல. சிரிச்சுக்கிட்டே நின்னான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய்க்காரப் பய."

பிறகு நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். கண்ணில் ஒரு கணக்கு ஓடியது.

"நீ மெத்தைய விட்டு எறங்கக் கூடாது. அது முறை. மெத்த நகரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஒக்காரு."

"என்னக்கா?"

"ஒக்காருன்னேன்!"

உட்கார்ந்தேன். மொக்காடி மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். "ஏ, தேத்தண்ணி ராணிங்களா, அந்தப் பக்கம் பிடிங்க," என்று பெரியம்மாக்களை அதட்டினாள். மூன்று கிழவிகளும் முக்கி முனகி மெத்தையோடு என்னைத் தரையில் இழுத்தார்கள். வாசல் நிலையில் மெத்தை சிக்கியது. ஒருத்தி பின்னாலிருந்து காலால் உதைத்தாள். கம்பளியும் நானுமாகக் கூடத்துக்குள் வழுக்கிக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் நின்றோம். மஷிலோவின் கையிலிருந்த ஸ்கோன் அந்தரத்தில் நின்றது.

"என்ன கூத்து இது?" என்றான் மடோமே.

"பிளக்க கீழ வைடா," என்றாள் மொக்காடி. "வச்சியா? இப்ப வாயையும் மூடு."

"அக்கா, அண்ணனோட சாமான அண்ணி தொடக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க!"

"மிஷினு அவனோடது. ஒயரு யாரோடது? நீ வாங்கினதுதானே? நேத்துவரைக்கும் கடையில கெடந்துச்சுதானே? அத அவ தொடலாம். ஸ்க்ரூ அவனோடது. அத நான் திருப்புவேன். நான் அவன் அக்கா, எனக்கு உரிமை இருக்கு. ஸ்க்ரூ டிரைவர குடு."

குடுத்தான். வேறு என்ன செய்வான்?

மொக்காடி ஸ்க்ரூவைத் தளர்த்தினாள், நான் ஒயரை உருவினேன். கொழுப்பில் இழைகள் வழவழவென்று இருந்தன. கம்பளியின் ஓரத்தாலேயே துடைத்தேன். அந்தக் கம்பளிக்கு அதைவிட நல்ல வேலை ஆறு நாளில் கிடைக்கவில்லை. நைந்த நுனியை வெட்டித் தள்ளி, என் கத்தரிக்கோலால் உறையை ஒரு விரல் கணு அளவுக்குச் சுற்றி வெட்டி எடுத்தேன். கத்தரிக்கோல் என் அங்கிப் பையில் எப்போதும் இருக்கும், துக்கத்திலும் இருந்தது. பாதி இழைகளை அடியோடு வெட்டினேன்.

"ஐயோ, அண்ணி! தடிமனுக்குத்தானே வாங்கினது!"

"தடிமன் ஒன் தலையில நெறைய இருக்கு, போதும்."

மீதியை மூன்றாகப் பிரித்துத் தட்டையாகப் பின்னினேன். உருட்டி முறுக்கினால் ஸ்க்ரூவுக்கு அடியில் உருளும், பிதுங்கும். தட்டைப் பின்னல் பாய் மாதிரி படுத்துக்கொள்ளும். ஓர் இழையும் வெளியே வராது. பின்னின நுனியை மடக்கி உள்ளே சொருகி, கடிகார முள் சுற்றும் பக்கமாகக் கொக்கி போட்டேன். அந்தப் பக்கம் வளைத்தால்தான் முடுக்கும்போது ஸ்க்ரூ கொக்கியை உள்ளே இழுக்கும். மறுபக்கம் வளைத்தால் வெளியே தள்ளும். உறை முடிகிற இடத்தில், இழை பிரியாமலிருக்க, நகப்பூச்சு ஒரு பொட்டு. அதுவும் பையில் இருந்தது, சிவப்பு. நான் கொக்கியை ஸ்க்ரூவில் மாட்டிப் பிடிக்க, மொக்காடி திருப்பினாள். அவளுடையது கிழட்டுக் கை, ஆனால் பிடி தவறவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்றாவது பின்னும்போது வெளியே யாரோ, "திரும்பிட்டாங்க! தெரு முனைக்கு வந்துட்டாங்க!" என்று கத்தினார்கள். மஷிலோ ஸ்கோனை வாய்க்குள் திணித்துக்கொண்டு வரிசைக்கு ஓடினார். சங்கத்துக்காரர்கள் முற்றத்தில் இரண்டு வரிசையாக நிற்பது ஜன்னலில் தெரிந்தது. என் விரல்கள் வேர்த்து வழுக்கின. நான்காவதைப் பின்னி முடித்தேன். சில்லு பெயர்ந்த இடத்தில் இருக்கிற ஸ்க்ரூ. மொக்காடி மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முடுக்கினாள்.

"போதும்க்கா. இன்னும் ஒரு சுத்து வேணாம்."

நான் ஒவ்வொரு இடைவெளியிலும் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். சுத்தம். எதுவும் எதையும் தொடவில்லை.

"மடோமே, இப்பக் குடுறா கரன்ட்டு," என்றாள் மொக்காடி.

விளக்கு எரிந்தது. மடோமே ரிக்கார்டில் ஊசியை இறக்கினான். ஒரு விநாடி கரகரப்பு. பிறகு அந்த சாக்ஸஃபோன், துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாக, நீளமாக எழுந்தது. வராந்தாவிலிருந்து தெரு முழுக்கப் பரவியது. சவ ஊர்தி கேட்டுக்குள் திரும்பியது. வேலியோரம் நின்ற நாலு நிறக் கோட்டுகளும் தொப்பியைக் கழற்றின. எங்கள் சங்கத்து ஆட்கள் இடது கால், வலது கால் என்று சறுக்கி ஆடிக்கொண்டு என் லெசிபாவை உள்ளே அழைத்து வந்தார்கள். நான் மெத்தைமேல், அவன் மெஷினுக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்து, ஆறு நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். சவத்தை வைப்பதற்கு முன் மறுபடியும் என்னைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் எல்லாரையும் மன்னித்திருப்பேன்.

மறுநாள் காலையில், மயானத்தில், மஷிலோ பேச எழுந்தார். குழியின் ஓரத்தில் நின்று தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார்.

"நேத்து எல்லாரும் பாத்தீங்க. லெசிபா எப்பேர்ப்பட்ட ஆளு! கை பழகாத ஒரு பொம்பளைக்கு, மெத்தையில ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்கிற தன் பொஞ்சாதிக்கு, அந்தப் பின்னலக் கத்துக்குடுத்துட்டுப் போயிருக்கான். செத்தும் ஒயர் கட்டினான்யா அவன்! அதான் லெசிபாவோட கை!"

கை தட்டினார்கள். பச்சைக் கோட்டு, நீலக் கோட்டு எல்லோரும். மடோமேதான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினான். என் வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு இடமில்லை. எனக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையின் கீழ் நின்ற மொக்காடி என் காதருகே குனிந்தாள்.

"வாயத் தொறக்கட்டுமா?"

பெட்டி பாதிக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்தேன்.

"வேணாம்க்கா. மண்ணப் போடட்டும்."

நாலு மாதம் ஆயிற்று. கறுப்பு உடுப்போடு கொட்டகையில் வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை, தலைக்கு மேல் தலை காத்திருக்கும் நேரம், மஷிலோவின் கார் வந்து நின்றது. தொப்பியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். எண்ணெய் வாசத்துக்கு முகம் சுளித்தார்.

"தங்கச்சி, நாளைக்கு எங்க வீட்டுல கூட்டம். ஊரே வருது. புது ஸ்பீக்கர், புது ஒயர் எல்லாம் வாங்கிட்டேன். மிஷினு பழசு, பின்னாடி ஸ்க்ரூ. மடோமே வந்து ஒண்ணு கட்டினான், லேசாப் பொகஞ்சுது. நீ ஒரு எட்டு வந்து, அந்தப் பின்னல... லெசிபா ஒனக்குக் கத்துக்குடுத்தானே, அந்த மாதிரி."

என் கையில் ஒரு பெண்ணின் சடை பாதியில் இருந்தது. அதை விடாமல் பின்னினேன்.

"அண்ணே, நான் கை பழகாத பொம்பள. எனக்குக் கத்துக்குடுத்தது அவருதானே? அவரையே போய்க் கேளுங்க. மூணாவது வரிசை, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல. எடம் ஒங்களுக்குத் தெரியும், நீங்கதான் அங்க நின்னு பேசினீங்க."

காத்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மஷிலோ தொப்பியை மாட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினார். நான் அடுத்த பிரியை எடுத்து மூன்றாகப் பிரித்தேன்.